பிப் உதவித்தொகை வெட்டும் பிரிட்டன் நாடாளுமன்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் எங்கள் பகுதிச் சமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் பெனிபிட் (அரசு உதவித்தொகை) படிவம் நிரப்ப உதவுகிறேன். 2025 கோடையில் வந்தவர்களில் பாதிப் பேர் படிவத்தை மேசையில் வைப்பதற்கு முன்பே, "இந்தப் பிப்பை நிப்பாட்டப் போறாங்களாமே?" என்றுதான் கேட்டார்கள். பிப்பையும் யுனிவர்சல் கிரெடிட்டையும் வெட்ட வந்த மசோதாவுக்கு அந்தக் கோடையில் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது நாடாளுமன்றத்தில், என்ன நடந்தது, அதில் எது கைவிடப்பட்டது, எது சட்டமானது என்று அவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் சொந்தக் கேஸுக்குத் தகுந்த ஆலோசகரைப் பாருங்கள்.

பிப், யுனிவர்சல் கிரெடிட் ஹெல்த் பகுதி: இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பலர் பாதிச் செய்தியை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார்கள்.

பிப் என்பது பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட். உடல்நலக் குறைவாலோ மாற்றுத்திறனாலோ வரும் கூடுதல் செலவுக்காகத் தரப்படுவது. வேலை செய்தாலும் கிடைக்கும். வருமானத்தையும் சேமிப்பையும் பார்ப்பதில்லை. 2013இல் பழைய டிஎல்ஏவுக்கு (டிசெபிலிட்டி லிவிங் அலவன்ஸ்) பதிலாக வந்தது. அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பகுதி, நடமாட்டத்துக்கு இன்னொரு பகுதி என்று இரண்டு உண்டு.

யுனிவர்சல் கிரெடிட்டின் ஹெல்த் பகுதி வேறு. வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட்டில், நோயால் வேலைக்கோ வேலை தேடவோ முடியாதவர் என்று மதிப்பீட்டில் முடிவானால் மாதாமாதம் கூடுதலாகச் சேர்க்கப்படும் தொகை அது. 2025-26இல் மாதம் 423.27 பவுண்ட். ஒருவர் இரண்டையும் வாங்கலாம், ஒன்றை மட்டும் வாங்கலாம்.

அரசு என்ன செய்யப் பார்த்தது?

2025 மார்ச் 18 அன்று அப்போதைய வேலை மற்றும் ஓய்வூதிய அமைச்சர் லிஸ் கெண்டல் ஒரு கிரீன் பேப்பர், அதாவது அரசின் யோசனை அறிக்கை, வெளியிட்டார். அதில் பல விஷயங்கள் இருந்தன. எம்.பி.க்களின் தூக்கத்தைக் கெடுத்தவை இரண்டு. ஒன்று, 2026 நவம்பரிலிருந்து பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு "4 புள்ளி" நிபந்தனை. இரண்டு, 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஹெல்த் பகுதி வாரம் 97 பவுண்டிலிருந்து 50 பவுண்டாகக் குறையும். பதிலுக்கு எல்லோருக்குமான யுனிவர்சல் கிரெடிட் அடிப்படைத் தொகை விலைவாசியைவிடக் கொஞ்சம் கூடுதலாக உயரும்.

அந்த 4 புள்ளி விதியில் அப்படி என்ன இருக்கிறது?

பிப் படிவத்தை நிரப்பிப் பார்த்தால்தான் இது புரியும். சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது என்று அன்றாட வாழ்க்கைக்குப் பத்துச் செயல்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் சிரமத்துக்கு ஏற்பப் புள்ளி. மொத்தம் 8 வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர் விகிதம். எந்தச் செயலிலிருந்து எத்தனை புள்ளி வந்தது என்பது பொருட்டில்லை. கூட்டுத்தொகைதான் கணக்கு.

புது விதி, மொத்தம் 8 வந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு செயலில் ஒரே அடியாக 4 புள்ளியாவது வேண்டும் என்றது.

சரி, குளியலை எடுத்துக்கொள்வோம். தலை கழுவவோ இடுப்புக்குக் கீழே கழுவவோ இன்னொருவர் உதவி தேவை என்றால் 2 புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே கழுவ உதவி தேவை என்றால் 4 புள்ளி. உடுத்துவதிலும் அப்படித்தான்: கீழ் உடம்புக்கு உதவி என்றால் 2, மேல் உடம்புக்கு உதவி என்றால் 4. யார் உட்கார்ந்து இந்தக் கோட்டைக் கிழித்தார்களோ! 2013இல் இந்தப் புள்ளிகளை வகுத்தபோது, ஒருநாள் இந்த 2க்கும் 4க்கும் நடுவேதான் ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கும் என்று யாரும் யோசித்திருக்க வழியில்லை.

மூட்டுவாதம் உள்ள ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். சமைக்க உபகரணம் வேண்டும், 2. இடுப்புக்குக் கீழே கழுவ மகள் வர வேண்டும், 2. காலுறையும் கீழாடையும் மாட்டிவிட வேண்டும், 2. கழிப்பறையில் கைப்பிடியும் உயர்த்திய இருக்கையும் வேண்டும், 2. மொத்தம் 8. இன்றைய விதியில் 2025-26 கணக்குப்படி வாரம் 73.90 பவுண்ட் கிடைக்கும். 4 புள்ளி விதியில் ஒன்றுமே கிடையாது. வருடத்துக்குச் சுமார் 3,840 பவுண்ட் போய்விடும். அதோடு நிற்காது. அந்த மகள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கினால் அதுவும் இந்தப் பிப்பை நம்பித்தான் நிற்கிறது; வாரம் 83.30 பவுண்டும் சேர்ந்து போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குப் புள்ளி குறைவதற்குப் பாதிக் காரணம் நம் வாய்தான். ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் குளிக்கிறன்தானே, ஏலாது எண்டு எப்படி எழுதுறது? வெட்கமா இருக்கு." குளிக்கிறார்தான். குளியலறைக் கதவுக்கு வெளியே மருமகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், விழுந்தால் தூக்க. அது படிவத்தில் வராவிட்டால் மதிப்பீட்டாளருக்கு எப்படித் தெரியும்?

அரசுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

பணம்தான். கொரோனாவுக்குப் பிறகு நோய், மாற்றுத்திறன் உதவிகளுக்கான செலவு வேகமாக ஏறியது, அது பொய்யில்லை. ஆனால் அவசரத்துக்குக் காரணம் மார்ச் 26 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் வாசிக்க வேண்டியிருந்த வசந்தகால நிதி அறிக்கை. அவருடைய சொந்த நிதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் கணக்கு அடங்க வேண்டும். சுயாதீன நிதி மதிப்பீட்டு அலுவலகம் 2029-30இல் 480 கோடி பவுண்ட் மிச்சம் என்று கணித்தது. இத்தனை பேர் வேலைக்குப் போவார்கள் என்ற எண் மட்டும் அந்தக் கணிப்பில் இல்லை. அதைக் கணக்கிட நேரமும் தகவலும் போதவில்லை. வேலைக்கு வழிகாட்டும் சீர்திருத்தம் என்று பெயர், அதனால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்ற கணக்கு மட்டும் இல்லை.

மக்களிடம் கருத்துக் கேட்டார்களே?

கேட்டார்கள், ஆனால் எதைப் பற்றி என்பதைப் பாருங்கள். 4 புள்ளி விதியையும் ஹெல்த் பகுதி வெட்டையும் பற்றிக் கருத்துக் கேட்கவில்லை. அவை முடிவானவை என்று வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள விஷயங்களுக்கு மட்டும் கேள்வி வைத்தார்கள். பார்வையற்றோர் உள்ளிட்டவர்களுக்கு ஏற்ற வடிவங்கள் தயாராகத் தாமதமானதால் 12 வாரக் கணக்கே ஏப்ரலில்தான் தொடங்கி ஜூன் 30இல் முடிந்தது. மசோதாமீது முதல் பெரிய வாக்கெடுப்பு ஜூலை 1. பெட்டியை மூடிய மறுநாளே வாக்கெடுப்பு. உள்ளே போட்ட காகிதங்களை யார் வாசித்திருக்க முடியும்?

இதில் கசப்பு என்னவென்றால், அதே 2025 ஜனவரியில்தான் லண்டன் உயர் நீதிமன்றம், முந்தைய கன்சர்வேடிவ் அரசு 2023இல் வேலைத்திறன் மதிப்பீடு பற்றி நடத்திய கருத்துக்கேட்பு தவறான எண்ணம் தரும்படி இருந்தது, நேரமும் போதவில்லை, எனவே சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது.

ஒரு மசோதா வழக்கமாக எப்படிப் பரிசீலிக்கப்படும்? இது எப்படிப் போனது?

வழக்கமான பாதை இது: அறிமுகம், பிறகு இரண்டாம் வாசிப்பு என்ற கொள்கை விவாதம், அப்புறம் சில எம்.பி.க்கள் கொண்ட மசோதாக் குழு. அந்தக் குழு நிபுணர்களையும் பாதிக்கப்படுபவர்களையும் கூப்பிட்டுச் சாட்சியம் கேட்கலாம், வரி வரியாகப் பார்க்கலாம். இதற்குப் பல வாரங்கள் ஆகும். பிறகு மூன்றாம் வாசிப்பு, மேல்சபையான பிரபுக்கள் சபை, அரச ஒப்புதல்.

இந்த மசோதா ஜூன் 18 அன்று அறிமுகமானது. ஜூலை 1 இரண்டாம் வாசிப்பு. ஜூலை 9 அன்று, ஒரே நாளில், குழு நிலையும் மூன்றாம் வாசிப்பும் முடிந்தன. தனிக் குழு அமைக்கவில்லை. முழுச் சபையே குழுவாக மாறி உட்கார்ந்தது. கேட்க ஜனநாயகமாக இருக்கும். ஆனால் முழுச் சபை குழுவாக உட்கார்ந்தால் வெளியாரைக் கூப்பிட்டுச் சாட்சியம் கேட்கும் வழக்கம் கிடையாது. ஆக, ஒரு மாற்றுத்திறனாளி கூட மசோதாக் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை.

வேலை மற்றும் ஓய்வூதியத் தெரிவுக்குழு (அந்தத் துறையைக் கண்காணிக்கும் எம்.பி.க்கள் குழு) மட்டும் தனியாக விசாரணை நடத்தியது. அதன் தலைவர் டெப்பி ஆபிரகாம்ஸ், ஆளும் லேபர் கட்சிக்காரர்தான். முழுப் பாதிப்பும் தெரியும்வரை தள்ளிவையுங்கள் என்று மே மாதமே அமைச்சருக்குக் குழு சார்பில் கடிதம் எழுதினார். தெரிவுக்குழு கேள்வி கேட்கலாம், அறிக்கை போடலாம். நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

அப்படியானால் 4 புள்ளி விதி எப்படிக் கைவிடப்பட்டது?

கட்சிக்குள் கலகத்தால்.

லேபர் 2024 தேர்தலில் 411 இடங்களில் ஜெயித்த கட்சி. அந்தப் பெரும்பான்மைக்கு எந்த மசோதாவும் தடையில்லாமல் போக வேண்டும். ஆனால் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் "காரணம் காட்டும் திருத்தம்" என்று ஒரு பழைய ஆயுதம் உண்டு. இன்ன காரணங்களால் இந்த மசோதாவை இரண்டாம் வாசிப்புக்கு ஏற்க மறுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. அது நிறைவேறினால் மசோதா அங்கேயே செத்தது. கருவூலத் தெரிவுக்குழுத் தலைவர் மெக் ஹில்லியர் அப்படி ஒன்றை வைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட லேபர் எம்.பி.க்கள் கையெழுத்திட்டார்கள். வழக்கமாகக் கலகம் செய்பவர்கள் மட்டுமில்லை, தெரிவுக்குழுத் தலைவர்களும் இருந்தார்கள். அதற்கு முன்பே, ஜூன் 19 அன்று, கொறடாவாக இருந்த விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட் பதவியை விட்டு விலகியிருந்தார்.

அரசு இறங்கி வந்தது. ஏற்கெனவே பிப் வாங்குபவர்களுக்குப் பழைய விதியே, புதியவர்களுக்கு மட்டும் 4 புள்ளி என்றது. ஹில்லியர் அதை ஏற்றுக்கொண்டார். இன்னொரு லேபர் எம்.பி. ரேச்சல் மாஸ்கெல் ஏற்கவில்லை. தாமே இன்னொரு திருத்தம் வைத்தார். இன்று வாங்குபவருக்கு ஒரு சட்டம், நாளை அதே நோய் வருபவருக்கு வேறு சட்டமா என்பதுதான் எதிர்த்தவர்களின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அரசால் முடியவில்லை.

ஜூலை 1 மாலை, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, வாக்கெடுப்புக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் இருக்கையில், அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்தார். பிப் பற்றிய 5ஆவது பிரிவை மசோதாவிலிருந்தே எடுத்துவிடுகிறோம், தம் தலைமையில் நடக்கும் ஆய்வு முடிந்த பிறகே எந்த மாற்றமும் வரும் என்றார். எம்.பி.க்கள் தாங்கள் எதன்மீது வாக்களிக்கிறோம் என்றே தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அச்சடித்து மேசையில் இருந்த மசோதாவில் அந்தப் பிரிவு இன்னும் இருந்தது. மாஸ்கெலின் திருத்தம் 149க்கு எதிராக 328 வாக்குகளில் தோற்றது. மசோதா 335க்கு 260 என்று தப்பியது. 49 லேபர் எம்.பி.க்கள் எதிர்த்து வாக்களித்தார்கள்.

ஈஸ்ட் ஹாம் பக்கம் இருப்பவர்களுக்கு டிம்ஸைத் தெரிந்திருக்கும். 1994 முதல் அந்தப் பக்கத்து எம்.பி. அவர்தான், 1997 முதல் ஈஸ்ட் ஹாம் தொகுதிக்கு.

அப்போ வெற்றிதானே?

பாதி. எல்லோருடைய கண்ணும் 5ஆவது பிரிவின்மேல் இருந்தபோது, பக்கத்தில் இருந்த யுனிவர்சல் கிரெடிட் வெட்டு கிட்டத்தட்டச் சத்தமில்லாமல் கடந்து போனது. பிப் பகுதி உதிர்ந்த பிறகு மசோதாவின் பெயரிலிருந்தும் பிப் போய்விட்டது. யுனிவர்சல் கிரெடிட் சட்டம் 2025 என்று செப்டம்பர் 3 அன்று அரச ஒப்புதல் பெற்றது.

அதன்படி 2026 ஏப்ரல் 6 முதல் புதிதாக ஹெல்த் பகுதிக்கு வருபவருக்கு மாதம் 217.26 பவுண்ட். பழைய தொகையில் ஏறக்குறைய பாதி. உயிர் பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளிகளுக்கும், "கடும் நிலைமை" வரையறைக்குள் வருபவர்களுக்கும் மட்டும் பழைய உயர் தொகை.

அந்த வரையறையை ஜூலை 9 விவாதத்தில் சிலர் பிடித்துக்கொண்டார்கள், நியாயமாகவே. பாதிப்பு எல்லா நேரமும் நிலையாக இருக்க வேண்டும் என்கிறது வாசகம். பார்க்கின்சன் நோய்க்காரர் காலையில் பொத்தான் போடுவார், மதியம் கரண்டி பிடிக்க மாட்டார். அவர் உள்ளேயா வெளியேயா? ஏறி இறங்கும் நோய்களும் இதில் அடங்கும் என்று அமைச்சர் சபையில் உறுதி சொன்னார். சட்டத்தின் வாசகம் மாறவில்லை. நோயைக் கண்டறிந்தது என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை வழியாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. கொழும்பிலோ சென்னையிலோ பார்த்த மருத்துவரின் சான்றிதழோடு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வறுமைக்குத் தள்ளப்படுவோர் எண்ணிக்கை ஏன் வாரத்துக்கு வாரம் மாறியது?

மார்ச்சில் அரசின் தாக்க மதிப்பீடு 2,50,000 பேர் கூடுதலாக வறுமைக்குப் போவார்கள் என்றது, அதில் 50,000 குழந்தைகள். ஜூன் கடைசியில், முதல் சலுகைக்குப் பிறகு, 1,50,000. 5ஆவது பிரிவு போனதும் எண் தலைகீழானது: 50,000 பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள்.

பொய் என்று சொல்ல மாட்டேன். கணக்கு எதனுடன் ஒப்பிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முந்தைய அரசு திட்டமிட்டு, நடைமுறைக்கே வராத ஒரு வெட்டைக் கைவிட்டதையும் நன்மையாக வரவு வைத்தார்கள். விழப்போகாத அடியை அடிக்காமல் விட்டதற்கு வரவு!

பிரபுக்கள் சபை ஏன் தடுக்கவில்லை?

முடியாது. சபாநாயகர் இதைப் பண மசோதா என்று சான்றளித்துவிட்டார். 1911 நாடாளுமன்றச் சட்டப்படி அப்படிப்பட்ட மசோதாவைப் பிரபுக்கள் சபையால் மாற்ற முடியாது. ஜூலை 22 அன்று பேசினார்கள், பேச்சோடு முடிந்தது.

சான்று இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். வேலைக்குத் தயாராகும் நோயாளிகளுக்கான வாரம் சுமார் 30 பவுண்டை வெட்ட 2015-16இல் கன்சர்வேடிவ் அரசு முயன்றபோது பிரபுக்கள் எதிர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். நிதி விஷயம் எங்கள் உரிமை என்று கீழ்சபையான காமன்ஸ் சபை சொல்லிவிட்டது. 2017 ஏப்ரலில் புதியவர்களுக்கு அந்த வெட்டு வந்தது.

பிப்பில் கை வைத்து அரசு பின்வாங்கியது இதுதான் முதல் தடவையா?

இல்லை. 2016 மார்ச்சில் அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், உபகரணங்களுக்கான புள்ளிகளைக் குறைக்கப் பார்த்தார். துறை அமைச்சரான இயன் டங்கன் ஸ்மித்தே ராஜினாமா செய்தார். சில நாட்களில் திட்டம் போனது. 2017இல் மன உளைச்சலால் வெளியே போக முடியாதவர்களின் நடமாட்டப் புள்ளியைக் குறைத்த விதியை அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டு தடவையும் காரியம் வேறு வழியில் நடந்தது: ஒன்றில் ராஜினாமா, ஒன்றில் நீதிமன்றம். 2025இல் கலகம். குழு, சாட்சியம், கருத்துக்கேட்பு என்று இதற்காகவே வைத்திருக்கும் வாசல்கள் வழியாக மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

எதிர்த்து வாக்களித்தவர்களுக்கு என்ன ஆனது?

ஜூலை 16 அன்று மாஸ்கெல் உட்பட நால்வரைக் கட்சி இடைநீக்கம் செய்தது. நவம்பரில் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

நான் ஏற்கெனவே வாங்குகிறேன். என்ன செய்ய?

பிப் விதிகள் இந்தச் சட்டத்தால் மாறவில்லை. மறுமதிப்பீட்டுக் கடிதம் வந்தால் பயப்படாமல், தேதிக்குள் படிவத்தை அனுப்புங்கள். ஹெல்த் பகுதியை 2026 ஏப்ரல் 6க்கு முன்பே வாங்கியவர்களுக்குப் பழைய தொகை காப்பாற்றப்பட்டிருக்கிறது. முடிவு பாதகமாக வந்தால் முதலில் மறுபரிசீலனை, பிறகு தீர்ப்பாயம். தீர்ப்பாயம்வரை போய் விசாரணை நடந்த பிப் கேஸ்களில் பாதிக்கும் மேல் விண்ணப்பித்தவருக்குச் சாதகமாக முடிகின்றன. பலர் அதற்குமுன்பே களைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தில்?

அங்கே பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசெபிலிட்டி பேமென்ட், எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து அரசு நடத்துகிறது. யுனிவர்சல் கிரெடிட் மாற்றம் அங்கேயும் பொருந்தும்.

டிம்ஸ் ஆய்வு என்கிறார்களே, அதில் நாம் பேச முடியுமா?

ஆய்வு பிப் மதிப்பீட்டை முழுதாகப் பார்க்கிறது. டிம்ஸோடு, மாற்றுத்திறன் அனுபவம் உள்ள ஷாரன் பிரென்னனும் கிளென்டன் ஃபார்குவார்சனும் இணைத் தலைவர்கள். 2026 இலையுதிர் காலத்துக்குள் அறிக்கை தருவது ஏற்பாடு. ஜூலை 9 அன்று எம்.பி. மேரி டிட்பால், தாமே மாற்றுத்திறனாளி, மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துக்கொண்டே இது நடக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அரசும் அதற்கு வாக்குக் கொடுத்தது.

எழுதுவதென்றால் உங்கள் எம்.பி.க்கே எழுதுங்கள். முகவரியைக் கட்டாயம் போடுங்கள், தம் தொகுதிக்காரருக்குத்தான் பதில் எழுதுவார்கள். அரசியல் வேண்டாம். காலையில் எழுந்ததிலிருந்து யார் எதற்குக் கை கொடுக்கிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது, உதவி வராத நாளில் என்ன நடந்தது, இவ்வளவு போதும். அந்த அம்மாவும் எழுதினார். மருமகளின் நாற்காலியிலிருந்துதான் கடிதத்தைத் தொடங்கினோம்.